கருவாட்டைக் கவருக்குள்ள போட்டு வச்சா என்னாகும்?

(எபிசோடில் பேசியதைப் படிக்கத் தோதாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறேன். பின்னணியில் கேட்ட சுத்தியல் சத்தம் மட்டும் எழுத்தில் வரவில்லை.)

வழக்கமா இங்கே லேப்டாப், சம்பளம், லேஆஃப்னு பேசிட்டு இருப்போம். இந்த எபிசோடு ஒரு சுவரையும் ஒரு சீலிங்கையும் பற்றியது. கடலுக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர்கள், சென்னையில் திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ வாடகைக்கு இருப்பவர்கள்கூட, கடைசி வரை கேளுங்க. உங்க சீலிங்குக்கும் இதில் சம்பந்தம் இருக்கு.

2024 நவம்பர் 20. ராமேஸ்வரம் தீவில் பேய் மழை. ராமேஸ்வரத்தில் அன்று ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நியூஸில் மேகவெடிப்பு என்றார்கள். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் அக்காள்மடத்திலும் தெருவெல்லாம் தண்ணீர். (ஆமா, தங்கச்சிமடம், அக்காள்மடம். அக்கா ஒரு மடம், தங்கச்சி ஒரு மடம் கட்டினாங்கன்னு ஊரில் கதை சொல்வார்கள்.) மழை விட்டு இரண்டு நாள் கழித்து, ராத்திரி ஒன்பது மணி வாக்கில், எங்கள் வீட்டு முன் அறை சீலிங்கிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு விழுந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். விழுந்த இடம் எங்கள் அப்பத்தா கட்டிலின் தலைமாடு.

அப்பத்தாவுக்கு 81 வயசு. வழக்கமாக எட்டரைக்கே படுத்துவிடும். அன்றைக்கு அடுப்படியில் அம்மாவோடு உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக்கொண்டு இருந்தது. (எங்கள் பக்கம் அப்பத்தாவை 'இருந்துச்சு, சொல்லுச்சு' என்றுதான் சொல்வோம். மரியாதைக் குறைவு இல்லை, பாசம்.) கருவாடு காப்பாற்றியது என்று வீட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வர ரெண்டு மாசம் ஆனது.

போன் வந்ததும் சென்னையிலிருந்து கிளம்பினேன். அப்போது தீவுக்குள் ரயில் கிடையாது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி துருவேறி, 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். ராமநாதபுரத்தில் இறங்கி பஸ் பிடித்து, ரோடு பாலத்தில் போகும்போது பக்கத்தில் அந்தப் பழைய பாலத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். எத்தனையோ இன்ஜினியர்கள், எத்தனையோ வருஷமாகப் பெயின்ட் அடித்துப் பாதுகாத்த பாலத்தையே உப்பு தின்றுவிட்டது. எங்க வீடெல்லாம் எம்மாத்திரம்?

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன் பக்கம் எங்கள் பூட்டன் காலத்தது. கடலில் வெட்டிய பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். மேலே ஓடு இருந்தது. 1964 டிசம்பர் புயலில், தனுஷ்கோடி அழிந்த அதே ராத்திரி, ஓடு பறந்தது, சுவர் நின்றது. அப்பத்தா அப்போது கல்யாணம் ஆகி வந்த புதுசு. 1996-இல் அப்பா அந்த ஓட்டைப் பிரித்துவிட்டு, அதே பழைய சுவர் மேலே காங்கிரீட் தளம் போட்டார். தெருவில் முதல் மாடி வீடு எங்களுடையதுதான். பின் பக்கம் ஒரு அறையும் அடுப்படியும் 2004-இல் கட்டினது.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. அப்பா கட்சி: "செவுரு பூரா உப்பு பூத்துப் போச்சு. எல்லாத்தையும் தள்ளிட்டு பில்லர் போட்டுக் கட்டிருவோம்." அப்பத்தா கட்சி: "புயலுக்கு நின்ன செவுரு. நீ போட்ட தட்டுதான் விழுந்துச்சு, எங்க மாமனாரு கட்டுன செவுரா விழுந்துச்சு?" அம்மா எந்தக் கட்சியும் இல்லை. "யாரு செயிச்சாலும் சமையல் நாந்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். சிவில் இல்லை. ஆனால் பத்து வருஷமாக பக் பார்த்துப் பழகியதில் ஒன்று தெரியும்: எங்கே வெடிக்கிறதோ அங்கேதான் கோளாறு இருக்க வேண்டும் என்று இல்லை. அதனால் முதலில் உப்பைப் புரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டு உப்பு ஜாடியில் இருந்தே ஆரம்பிக்கலாம். மழைக்காலத்தில் உப்பு கசிந்து சொதசொதவென்று ஆகிறது இல்லையா? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்று உப்பு காற்றில் இருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பொடியாகும். எங்கள் தீவில் ராத்திரி ஈரப்பதம் 75-ஐத் தாண்டும், மத்தியானம் வெயிலும் காற்றும் சேர்ந்தால் இறங்கும். அதாவது தினமும் ஒரு தடவை கரைந்து, ஒரு தடவை உறைகிறது. ஜாடிக்குள் இது நடந்தால் ஒரு தொல்லையும் இல்லை. சுவருக்குள் நடந்தால்?

சுவருக்குள் உப்பு எப்படிப் போகிறது என்றால், தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறது. பவளக்கல் பஞ்சு மாதிரி துளை துளையாக இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி தரையில் இருந்து ஈரத்தை மேலே இழுக்கும். அந்த ஈரத்தில் உப்பு. ஈரம் சுவர் முகத்துக்கு வந்து காற்றில் காய்ந்துவிடும். உப்புக்குப் போக்கிடம் இல்லை, அங்கேயே படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும், துளையின் சுவரை நெட்டித் தள்ளும். தினம் ஒரு தள்ளு, வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான தள்ளு. காரை பொரிந்து கொட்டுவது இதனால்தான்.

பழைய ஆட்கள் இதற்கு என்ன செய்தார்கள்? சுண்ணாம்பு பூசினார்கள், வருஷா வருஷம் பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ நோன்புக்கோ வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்புப் பூச்சும் துளை உள்ளதுதான். ஈரம் அது வழியாகச் சுளுவாக வெளியே போகும். உப்பு கல்லுக்குள் உறையாமல் பூச்சுக்குள் வந்து உறையும். கொட்டுவது பூச்சு, கல் இல்லை. கொட்டினதைப் பெருக்கிவிட்டு மறுபடி வெள்ளையடித்தால் அடுத்த வருஷக் கணக்கு ஆரம்பம். நான் சின்னப் பையனாக இருக்கும்போது இதை அழகுக்குச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் பாஷையில் சொன்னால் அது ஷெட்யூல் போட்ட மெயின்டனன்ஸ்.

நாங்கள் என்ன செய்தோம்? கீழே பொரிகிறது என்று 2001-இல் மூணு அடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினோம். ஈரத்துக்கு வெளியே போக வழி அடைபட்டது; அது நிற்குமா? சிமென்ட்டுக்கு மேலே ஏறிப் போய் நாலடியில் பொரிந்தது. அதன் மேல் ஐந்தடி வரைக்கும் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டினோம். (முன் அறையில் பாத்ரூம் டைல்ஸ். தங்கை கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.) அப்புறம் மேலே பூரா பளபளவென்று பிளாஸ்டிக் பெயின்ட். ஒவ்வொரு தடவையும் ஈரக்கோடு ஒரு அடி மேலே ஏறியது. போதாததற்குத் தெரு ரோட்டைப் போடப் போட ரோடு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது. 2024 மழையில் தண்ணீர் சுவரோரம் மூணு நாள் நின்றது.

இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் படம் போட்டு, அம்பு போட்டு, அப்பாவுக்கு விளக்கிக்கொண்டு இருந்தேன். அப்பத்தா குறுக்கே வந்து ஒரே வரியில் முடித்துவிட்டது.

"ஏண்டா தம்பி, கருவாட்டைப் பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டுக் கட்டி வச்சா என்னாகும்?"

"வேர்த்து நாறிப்போகும் அப்பத்தா."

"ஓலைப்பெட்டில போட்டு வச்சா?"

"இருக்கும்."

"பெறகு? செவுத்துக்குக் கவரைப் போட்டுக் கட்டிப்புட்டு உப்பு பூக்குது, உப்பு பூக்குதுன்னா?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் சுவர் கட்சி பாதி ஜெயித்தது அங்கேதான்.

அடுத்தது சீலிங். இங்கே கதை தலைகீழ், அதனால்தான் எல்லாரும் குழம்புகிறோம். சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு வேண்டும். காங்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. அதற்கு மூச்சே விடக்கூடாது.

காங்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது, பிஎச் 12, 13 இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் உருவாகி, துரு வராமல் காக்கும். அந்தத் தோல் இரண்டு வழியில் கெடும். ஒன்று, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே போய் காரத்தைக் குறைப்பது. இரண்டு, உப்பில் உள்ள குளோரைடு. அது காரம் குறையாமலே தோலைக் குத்தி ஓட்டை போட்டுவிடும். தோல் போனால் துரு. துரு, அது தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கில் இருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளிருந்து நெட்டும். முதலில் கம்பி போகிற வழியிலேயே நேர்க்கோடாக ஒரு விரிசல், பிறகு உப்பல், பிறகு ஒரு நாள் அப்பத்தா கட்டில் மேல்.

எது நம் வில்லன் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தன் இப்போது ப்ளஸ் டூ வேதியியல் ஆசிரியர். அவனிடம் கெஞ்சி கொஞ்சம் பினாப்தலீனும் கொஞ்சம் சில்வர் நைட்ரேட் கரைசலும் வாங்கி வந்தேன். ப்ராக்டிகலில் சொட்டு சொட்டாக விட்டுப் பிங்க் வர வைப்போமே, அதே பினாப்தலீன். விழுந்த துண்டைப் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தில் தெளித்தோம். காரம் இருந்தால் பிங்க், இல்லையென்றால் நிறமே வராது. ஓரத்தில் ஒரு நூல் அளவு மட்டும் நிறம் இல்லை. உள்ளே பூரா அட்டகாசமான பிங்க். கம்பி இருந்த பள்ளமும் பிங்க். ஆனால் கம்பி துருப்பிடித்துப் பென்சில் சீவல் மாதிரி உதிர்கிறது.

அதாவது காரம் அப்படியே இருக்கிறது, கம்பி போய்விட்டது. அப்படியானால் உப்பு.

அடுத்து இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் முன் அறைத் துண்டின் பொடி, இன்னொன்றில் 2004-இல் கட்டிய பின் அறைத் தளத்தில் இருந்து சுரண்டிய பொடி. இரண்டையும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்கித் தெளிய வைத்து, மேல் தண்ணீரை வடிகட்டி, கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் சொட்டினான் நண்பன். குளோரைடு இருந்தால் வெள்ளையாகத் திரியும். பின் அறை டம்ளரில் லேசான மங்கல். முன் அறை டம்ளரில் பால் திரிந்த மாதிரி. எவ்வளவு குளோரைடு என்று துல்லியமாகத் தெரிய லேபுக்குத்தான் போக வேண்டும். இரண்டில் எது மோசம் என்று தெரிய இதுவே போதும். (அமிலம், சில்வர் நைட்ரேட் எல்லாம் தெரிந்தவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். எனக்கு விரலில் பட்ட கறுப்புக்கறை போக ஒரு வாரம் ஆனது.)

அப்பா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை; நாற்பது வருஷமாக அதில்தான் சோறு. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்.

"வைகை மணல் ரெண்டு லோடு பத்தலை தம்பி. கையில காசும் இல்லை. கடைசிக்கு நம்ம கரை மணலைத்தான் அள்ளிப் போட்டோம். கெணத்துத் தண்ணியும் அந்த வருசம் உப்பாத்தான் இருந்துச்சு."

28 வருஷமாக இதை அவர் யாரிடமும் சொன்னது இல்லை. தெருவிலேயே முதல் மாடி வீடு. அதன் கீழேதான் இத்தனை வருஷமும் அவங்க அம்மா தூங்கியது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கரையோர ஊர்களில் இது எல்லாரும் செய்ததுதான். ஆனால் கணக்கு என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டுக் காங்கிரீட் விதிமுறை ஐஎஸ் 456, 2000-ஆம் வருஷப் பதிப்பு, கம்பி போட்ட காங்கிரீட் கலக்குகிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதே விதிமுறை, கடற்கரைச் சூழலைக் 'கடுமை' என்ற வகையில் வைத்து, கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும், எம்30 தரமாவது வேண்டும் என்று சொல்கிறது. ஊருக்குள்ளே காற்றுப் படாத இடத்துக்கு 20 மில்லிமீட்டர். எங்கள் தளத்தில் நான் அளந்த இடங்களில் 10, 12 மில்லிமீட்டர்தான். தளம் போடும்போது கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக் என்ற சின்னக் கட்டை இருக்கிறதே, அதை வைக்காமல் ஜல்லியை வைத்து ஒப்பேற்றியதால் வந்தது. புது வீடு கட்டுகிறவர்களே, டைல்ஸ் டிசைனுக்கு ஒரு மாசம் எடுத்துக்கொள்கிறீர்கள். காங்கிரீட் போடுகிற அன்று காலையில் பத்து நிமிஷம் குனிந்து கவர் பிளாக்கைப் பாருங்கள்.

ராமநாதபுரத்தில் இருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்தார். கையில் சின்னச் சுத்தியல். சீலிங்கை ஒரு அடிக்கு ஒரு தட்டு. நல்ல இடத்தில் 'டிங்'கென்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடத்தில் 'டொப்'. முன் அறையில் பாதிக்கு மேல் டொப். அன்றே முட்டுக் கொடுத்து அப்பத்தாவைப் பின் அறைக்கு மாற்றினோம். பின் அறை ஓரம் ஒரு இடம் தவிர எல்லாம் டிங்.

"உதிர்ந்த இடத்துல மட்டும் பூசிட்டா?" என்று அப்பா கேட்டார். எல்லாரும் கேட்கிற கேள்வி. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன், ஒரு ஹாட்ஃபிக்ஸ் போட்டால் ஓடிவிடாதா என்று. இன்ஜினியர் சொன்ன பதில் அப்பாவுக்கு உடனே புரிந்தது, எனக்குத்தான் நேரம் ஆனது. படகில் புரொப்பெல்லர் பக்கத்தில் துத்தநாகக் கட்டை ஒன்றை போல்ட் போட்டு வைப்பார்கள். கடல் தண்ணீரில் அந்தக் கட்டை கரைந்து, பக்கத்தில் இருக்கிற உலோகத்தைக் காப்பாற்றும். துருப்பிடிக்கிற கம்பியும் அப்படித்தான்: தான் அரிபட்டு, பக்கத்துக் கம்பியை அரிக்க விடாமல் வைத்திருக்கிறது. அரிபட்ட இடத்தை மட்டும் சுத்தம் செய்து நல்ல கலவை பூசினால், கட்டையைக் கழற்றின மாதிரி. உப்பு சுற்றிலும் இருக்கிறதே! பூசின இடத்தின் விளிம்பை ஒட்டிப் புதுசாகத் துரு ஆரம்பிக்கும். ரெண்டு, மூணு வருஷத்தில் தட்டைச் சுற்றி வட்டமாக இன்னொரு தட்டு விழும்.

உப்பு வெளியில் இருந்து வந்திருந்தால் வேறு வழிகள் யோசிக்கலாம். கலவையிலேயே உப்பு இருந்தால் தளத்தை இறக்குவதுதான் வழி என்றார். அப்பா தலையாட்டினார். "எறக்கிருவோம்." அவ்வளவுதான் சொன்னார், எழுந்து போய்விட்டார்.

வேலையை 2025 ஏப்ரல் பாதிக்கு மேல் வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற சித்தப்பா மகன்கள் ரெண்டு பேரும் சும்மா இருந்தார்கள். அப்பாவுக்குத்தான் அது பிஸி சீசன், படகெல்லாம் கரையேறி நிற்கும், இன்ஜின் பிரிப்பார்கள். அந்த மாசம் ஆறாம் தேதிதான் புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள். நான் லீவு போட்டு முதல் தடவையாக அதில் ரயிலில் போனேன். அந்தப் பாலத்தில் துருவைச் சமாளிக்க என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பெயின்ட், இணைப்புகளில் பூரா வெல்டிங். 1996-இல் எங்கள் அப்பா கரை மணல் அள்ளியதும் இதே கடலோரம்தான். கையில் இருக்கிற காசுதான் வித்தியாசம்.

அடுப்படியை ஒட்டி வேலை நடந்ததால் அம்மா முற்றத்தில் தென்னைக்கு அடியில் மூணு கல்லு வைத்து விறகடுப்பு போட்டார்கள். வேலையாட்களோடு சேர்த்து தினம் பத்து பேர் சாப்பாடு. தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் கொஞ்சம்தான் வரும், விலையும் கூட. அதனால் வாரத்தில் மூணு நாள் கருவாட்டுக் குழம்பு. அம்மா செய்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கருவாட்டை வெந்நீரில் போடுவார்கள், கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். மறுபடி கொட்டிப் புதுசு. மூணு தண்ணீர். "ஒரே தண்ணியில ரொம்ப நேரம் போட்டா ஆகாதா?" என்றேன். "அந்தத் தண்ணியே உப்பாப் போச்சுல்ல, பெறகு எங்க எறங்கும்?" என்றார்கள். கரெக்ட். உள்ளேயும் வெளியேயும் உப்பு சமம் ஆகிற வரைதான் இறங்கும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் போட்டாலும் அதேதான். மூணாம் தண்ணீருக்குப் பிறகு கத்தரிக்காய், மாங்காய், புளி, நிறைய சின்ன வெங்காயம். குழம்பில் உப்பு போடவே மாட்டார்கள், கொதித்த பிறகு ருசி பார்த்துதான்.

இதைத்தான் சுவருக்கும் செய்தோம். டைல்ஸ், சிமென்ட், பெயின்ட் எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம். ஒரு மாசம் சும்மா காய விட்டோம். வெள்ளையாகப் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளினோம்; கழுவக் கூடாது, கழுவினால் மறுபடி உள்ளே போய்விடும். பிறகு பழைய பேப்பரை ஊற வைத்து அரைத்த கூழ், களிமண், சலித்த ஆற்று மணல், மூணையும் நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவரில் அப்பினோம். அந்த ஈரம் உள்ளே போய் உப்பைக் கரைக்கும். களிமண் காயும்போது கரைந்த உப்பையும் சேர்த்து வெளியே இழுக்கும். காய்ந்து வெடித்ததும் உரித்து எடுத்து, வீட்டை விட்டுத் தள்ளிக் கொட்ட வேண்டும். மறுபடி புதுசு. மூணு தடவை. முதல் தடவை உரித்த களிமண்ணை அப்பத்தா விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பியது. மூணாவதைத் தொட்டு வைத்துவிட்டு, "இது குழம்புக்கு ஆகும்" என்றது. எங்கள் வீட்டு லேப் ரிப்போர்ட் அதுதான். இதனால் உப்பு பூராவும் போய்விடாது, மேல் ஒரு அங்குலம் சுத்தமாகும்.

சிதைந்த கல்லை மாற்றப் புதுப் பவளக்கல் தேடாதீர்கள். பவளப்பாறைகள் 2001-இல் இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. வெட்டினாலும் விற்றாலும் குற்றம். அதில் எனக்குத் துளிக்கூட மறுப்பு இல்லை, மன்னார் வளைகுடாவில் பவளம் வெட்டி வெட்டித் தீர்த்தது போதும். எங்களுக்கு இடிந்த மாட்டுக்கொட்டில் சுவர்க் கல் இருந்தது, அதையே திருப்பி வைத்தோம். சுண்ணாம்பும் பவளத்தில் சுட்டது இல்லை, கிளிஞ்சலில் சுட்டது. கொத்தனாருக்கு அறுபதுக்கு மேல் வயசு. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் என்று தேடிப் பிடித்தோம். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் பூசின பிறகு காற்றில் இருந்து அதே வாயுவை வாங்கி மறுபடி கல்லாகும். போனது திரும்பி வர மாசக்கணக்கில் ஆகும், அதனால் அவசரப்பட முடியாது. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துக் குழைத்தார். கலவை இளகி நன்றாக ஒட்டும், மெதுவாக இறுகும். முற்றத்தில் அந்த வாசனைக்குச் சுற்றி வந்த எறும்புகளைத்தான் சமாளிக்க முடியவில்லை.

சுவரை ஒட்டி வெளியே ஒரு அடி ஆழம் வெட்டி ஜல்லி நிரப்பி, மழைத் தண்ணீர் தெருப் பக்கம் வடிய வழி செய்தோம். செலவில் சின்னதும் பலனில் பெரிசும் இதுதான் என்பது என் கருத்து. இதை 2001-இலேயே செய்திருக்கலாம்.

முன் அறைக்கு மேலே மறுபடி ஓடு. நாலு அங்குலக் காங்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. ஓட்டுக்கூரை அதில் ஏறக்குறைய கால்வாசி. பழைய சுவருக்குப் பாரம் குறைகிறது, துருப்பிடிக்கக் கம்பியும் இல்லை. ஆனால் பாரம் குறைந்தால் புயல் தூக்கும், 1964-இல் தூக்கியது. அதனால் பனங்கைகளைச் சுவருக்குள் இறங்கும் மரக்கட்டைகளோடு போல்ட் போட்டு இறுக்கினார்கள். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ். அது அப்பா வாங்கி வந்தது, படகுக்கு வாங்குகிற கடையில். விலையைக் கேட்டு நான் வாய் திறக்கும் முன், "இதுல மிச்சம் புடிக்கக் கூடாது" என்றார்.

பின் அறை டொப் கேட்ட ஓரத்தை உடைத்து, கம்பியின் பின்பக்கம் வரை தோண்டி, துருவைத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவை பூசினோம். மொட்டைமாடிக்குத் தண்ணீர் இறங்காத பூச்சு. அங்கே மட்டும் பிளாஸ்டிக் பெயின்ட் இருக்கலாம். கம்பிக்கு அதுதான் தேவை.

அப்பத்தா ஆகஸ்டில் முன் அறைக்குத் திரும்பியது. வாடைக்காத்து தொடங்கியதும் வடக்குச் சுவர் அடியில் ஒரு முழ உயரத்துக்கு லேசாக வெள்ளை பூத்தது. எனக்கு பகீரென்றது, வீடியோ காலில் கத்தினேன். கொத்தனார் முன்பே சொல்லியிருந்தார்: பூக்கும், பூச்சில்தான் பூக்கும், பெருக்கிவிட்டுப் பொங்கலுக்கு வெள்ளையடி. அம்மா தென்னை விளக்குமாற்றால் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போனைக் குழம்புச் சட்டி பக்கம் திருப்பினார்கள்.

அப்பா மாசம் ஒரு தடவை பின் அறையில் ஸ்டூல் போட்டு ஏறி, சுத்தியலால் ஒரு அடிக்கு ஒரு தட்டுத் தட்டுகிறார். சுவரில் மாட்டிய காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் டிக் போடுகிறார். எபிசோடின் ஆரம்பத்தில் கேட்டீங்களே, அந்தச் சத்தம் அதுதான். இதுவரைக்கும் எல்லாம் டிங்.